விண்ணிலிருந்து இறங்கும் மெட்டு: பரோக் பாணியில் ஆர்கன் இசை எழுதுவது பற்றி

ஊரறிந்த ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்துக்கொண்டு, அதன் மெட்டின் மேல் ஆர்கனுக்கு ஒரு தனி இசைப்படைப்பை எழுதுவது 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய தேவாலய இசைஞர்களின் அன்றாட வேலைகளில் ஒன்று. இன்று அது வழக்கொழிந்த கலை அல்ல. ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா என்று பல நாடுகளில் டிசம்பர் மாதத்தில் ஆர்கன் வாசிப்பவர்கள் அந்தப் பழைய பாணியில் இன்றும் எழுதுகிறார்கள். பலர் எழுதாமலே அந்த இடத்திலேயே இட்டுக்கட்டி வாசிக்கிறார்கள்.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்பவன். படித்தது பொறியியல் முதுகலை. கடந்த மூன்று குளிர்காலங்களாக, மாலை நேரங்களில், ஒரே ஒரு பாட்டின் மீது 25 பார் நீளமுள்ள ஒரு சிறிய ஆர்கன் படைப்பை எழுதி வருகிறேன். அதற்காகப் படித்தவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கத்திய இசைக்குறியீடு தெரியாதவர்களும் தொடர முடியும். தேவையான இடங்களில் நம் சுரப்பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒரு கேள்வி கட்டுரை முழுக்க வரும். எல்லோருக்கும் சொந்தமான ஒரு மெட்டை, அதை அறிந்தவர்கள் முன்னிலையில், ஒருவர் எவ்வளவு தூரம் மாற்றலாம்?

பாட்டும் மெட்டும்

நான் எடுத்துக்கொண்ட பாட்டு மார்ட்டின் லூத்தர் எழுதிய 'ஃபோம் ஹிம்மல் ஹோக்'. 'உயர்ந்த விண்ணிலிருந்து' என்று பொருள் கொள்ளலாம். இடையர்களிடம் நற்செய்தி சொல்ல வரும் தேவதூதனின் கூற்றாகத் தொடங்குகிறது. மொத்தம் 15 பத்திகள். ஒவ்வொரு பத்தியிலும் 4 அடிகள், ஒவ்வோர் அடியிலும் 8 அசைகள். 

இப்பாட்டின் பிறப்பே சுவையானது. 1535இல் அச்சில் வந்தபோது அது வேறொரு மெட்டில் பாடப்பட்டது. அந்த மெட்டு, தூர தேசத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வரும் ஒருவன் விடுகதை போடும் நாட்டுப்பாட்டினுடையது. லூத்தர் அந்தப் பாட்டின் முதல் பத்தியையே சற்று மாற்றித் தன் பாட்டின் வாசலாக வைத்தார். தூர தேசத்திலிருந்து வந்தவன் விண்ணிலிருந்து வந்தவன் ஆனான். நான்கு ஆண்டுகள் கழித்து, 1539இல், இன்று நமக்குத் தெரிந்த மெட்டு அச்சேறியது. அது லூத்தருடையதாகவே கருதப்படுகிறது.

மெட்டின் முதல் அடி இது: ஸ நி த நி ப த நி ஸ. சங்கராபரணத்தின் சுரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் ஸ மேல் ஸட்ஜம். மற்ற சுரங்கள் அதற்குக் கீழே. மேலே தொடங்கி, பஞ்சமம் வரை இறங்கிப் பார்த்து, மீண்டும் மேலே ஏறிவிடுகிறது. நான்காம் அடியில்தான் மேல் ஸட்ஜத்திலிருந்து புறப்பட்டுக் கீழ் ஸட்ஜம் வரை முழுதாக இறங்கி நிற்கிறது. மெட்டின் வீச்சு சரியாக ஒரு ஸ்தாயி. பாடப்பழகாத குரலும் எட்டிவிடும். விண்ணிலிருந்து ஒருவர் இறங்கி வருவதைச் சொல்லும் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அமைவது கடினம்.

கருவி

இந்த இசை எந்தக் கருவிக்காக எழுதப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் விதிகளைப் புரிந்துகொள்ள முடியாது. குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழாய். ஒரே விதமான குழாய்களின் வரிசையை ஒரு ஸ்டாப் என்கிறார்கள். கட்டையை அழுத்தினால் காற்று குழாய்க்குள் போகும்; விரலை எடுக்கும்வரை ஒலி அதே அளவில் நிற்கும். வீணையைப் போலத் தேயாது. அழுத்தி வாசித்தாலும் மெதுவாக வாசித்தாலும் சத்தம் ஒன்றுதான்.

ஸ்டாப்புகளைக் குழாயின் நீளத்தால் குறிப்பார்கள். 8 அடி ஸ்டாப் என்றால் அதன் மிகத் தாழ்ந்த சுரத்தின் குழாய் ஏறத்தாழ 8 அடி நீளம். கட்டையில் எழுதிய சுருதியிலேயே ஒலிக்கும். 16 அடி ஒரு ஸ்தாயி தாழ்வாகவும், 4 அடி ஒரு ஸ்தாயி மேலாகவும் ஒலிக்கும். கைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகைகள்; கால்களுக்குத் தனியாக ஒரு பெடல் பலகை. மின்சாரம் வருவதற்கு முந்திய காலத்தில் துருத்தியை மிதிக்க ஆள் வேண்டும். வாசிப்பவர் தனியாக இருந்து பயிற்சி செய்வதுகூட அன்று முடியாத காரியம்.

கிறிஸ்துமஸுக்கென்றே ஓர் உபகரணமும் உண்டு. வட ஐரோப்பிய ஆர்கன்கள் பலவற்றின் முகப்பில் ஒரு நட்சத்திரம் இருக்கும். 'ட்சிம்பல்ஷ்டெர்ன்' என்று பெயர். ஒரு ஸ்டாப்பை இழுத்தால் காற்றின் விசையில் அது சுழலும். உள்ளே சிறு மணிகள் கிணுகிணுக்கும்.

சத்தத்தைக் கூட்டிக் குறைத்து ஒரு சுரத்தை அழுத்திக் காட்ட முடியாது என்பதுதான் இங்கே முக்கியமான செய்தி. பியானோ வாசிப்பவர் மெட்டை மட்டும் சற்று ஓங்கி வாசித்துக் காட்டிவிடலாம். ஆர்கனில் மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டுமானால் அதற்குத் தனி விசைப்பலகை, தனி நிறமுள்ள ஸ்டாப், அல்லது மற்றக் குரல்களைவிட நீண்ட சுரங்கள் தர வேண்டும். அதாவது, மெட்டின் தெளிவு எழுத்திலேயே இருந்தாக வேண்டும்.

1706: ஒரு கண்டனம்

யோஹான் செபாஸ்டியன் பாக் 1703 முதல் ஆர்ன்ஸ்டட் என்ற சிறு ஊரில் ஆர்கன் இசைஞராக இருந்தார். 1705 இலையுதிர் காலத்தில், புக்ஸ்டெஹுடேயின் வாசிப்பைக் கேட்க லூபெக் நகருக்கு 400 கிலோமீட்டர் நடந்தே போனார். வாங்கிய விடுப்பு 4 வாரம். திரும்பியது ஏறக்குறைய 4 மாதம் கழித்து. 1706 பிப்ரவரி 21 அன்று தேவாலய நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அந்த விசாரணைக் குறிப்பு இன்றும் இருக்கிறது. அப்போது பாக்கின் வயது 20.

தாமதம் ஒரு குற்றச்சாட்டு. இன்னொன்று இசை பற்றியது. சபையார் பாடும் பாட்டுகளில் அவர் விநோதமான மாற்றங்களைச் செய்கிறார், அந்நிய சுரங்களைக் கலக்கிறார், அதனால் சபை குழம்பிப்போகிறது என்றார்கள். அந்நிய சுரம் ஒன்றைக் கொண்டுவந்தால் அதில் சற்று நிலைத்து நிற்க வேண்டும், உடனே இன்னொன்றுக்குத் தாவக்கூடாது என்று அறிவுரையும் சொன்னார்கள். முன்பு மிக நீளமாக வாசித்தவர், அதைச் சுட்டிக்காட்டிய பிறகு மிகக் குட்டையாக வாசிக்கத் தொடங்கிவிட்டார் என்ற புகாரும் பதிவாகியிருக்கிறது!

இந்தக் கதையை மேதையைப் புரிந்துகொள்ளாத அதிகாரிகளின் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லூத்தரன் வழிபாட்டில் பாட்டு சபையாருடையது. பாட்டுக்கு முன் ஆர்கன் வாசிக்கும் முன்னிசைக்கு ஒரு வேலை இருந்தது: அடுத்துப் பாடப்போவது எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்பதை மக்களுக்கு நினைவூட்டுவது. அந்த வேலை நடக்கவில்லை என்று சொல்ல, மரப்பலகையில் உட்கார்ந்திருந்த தையற்காரருக்கும் ரொட்டிக்கடைக்காரருக்கும் உரிமை இருந்தது. மென்பொருள்காரர்களின் மொழியில் சொன்னால், மெட்டு என்பது ஏற்கெனவே வெளியிடப்பட்டுவிட்ட ஓர் ஏபிஐ. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ஆயிரம் பேர் நம்பியிருக்கும் வெளிமுகத்தை உடைத்தால் கேள்வி வரத்தான் செய்யும்.

மெட்டைக் கையாளும் வழிகள்

பரோக் காலத்து இசைஞர்கள் இந்தச் சிக்கலுக்குச் சில நல்ல விடைகளைக் கண்டுபிடித்தார்கள். எல்லா விடைகளுக்கும் அடிப்படை ஒன்றே. மெட்டு நிலையாக நிற்கும். மற்றக் குரல்கள் அதைச் சுற்றி இயங்கும். நிற்கும் மெட்டை லத்தீனில் 'கான்டஸ் ஃபிர்முஸ்' என்பார்கள். நிலைமெட்டு என்று சொல்லலாம்.

முதல் வழி பாகெல்பெலுடையது. மெட்டின் ஒவ்வோர் அடியும் வருவதற்கு முன், அதே அடியை விரைவான சுரங்களில் ஒரு குரல் தொடங்க, மற்றக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றும். கேட்பவர் காது தயாரான பிறகு, உண்மையான அடி நீண்ட சுரங்களில் நுழையும். நாடகத்தில் கட்டியக்காரன் வந்து போன பிறகு அரசன் வருவதைப் போல. பாகெல்பெல் 'ஃபோம் ஹிம்மல் ஹோக்' மெட்டின் மீதும் எழுதியிருக்கிறார். பாக்கின் அண்ணனுக்கு ஆசிரியர் அவர்.

இரண்டாவது, புக்ஸ்டெஹுடேயின் வழி. மெட்டு ஒரு தனி விசைப்பலகையில், தனி நிறத்தில், அணிகளுடன் ஒலிக்கும். மற்றக் குரல்கள் அடக்கமாகக் கீழே நடக்கும். இதில் மெட்டே வளைகிறது. ஆனால் அதன் எலும்புச் சுரங்கள் வலுவான தாளங்களில் தப்பாமல் இருக்கும்.

மூன்றாவது, ஃபியூகெட்டா. மெட்டின் ஓர் அடியைக் கருவாக எடுத்துச் சிறிய ஃபியூக் ஒன்றைக் கட்டுவது. இந்தப் பாட்டின் மீது பாக் எழுதியதாகப் பட்டியலில் உள்ள 701 எண்ணுள்ள படைப்பு இவ்வகை.

நான்காவது, பாக் தன் வைமார் ஆண்டுகளில் (1708–1717) 'ஆர்கல்ப்யூக்லைன்' என்ற சிறு நூலில் செம்மைப்படுத்திய வழி. மெட்டு பெரும்பாலும் மேல்குரலில் ஒரே முறை, இடைவெளியின்றிச் செல்லும். கீழே உள்ள குரல்கள் ஒரு சிறு சுரக்கோவையைப் பிடித்துக்கொண்டு, அதையே முதலிலிருந்து கடைசி வரை பின்னும். 164 பாட்டுகளுக்குத் திட்டமிட்டு 46 படைப்புகளோடு நின்றுபோன நூல் அது. தொடக்கநிலை இசைஞர் ஒரு பாட்டைப் பல விதமாக விரித்து வாசிக்கக் கற்பதற்காக என்று அதன் முகப்பிலேயே எழுதி வைத்தார். பாடப்புத்தகம்தான்! நம் பாட்டும் அதில் உண்டு (பட்டியல் எண் 606). மேலே மெட்டு, நடுவில் ஓயாத விரைவுச் சுரங்கள், பெடலில் துள்ளும் பாதங்கள்.

ஐந்தாவது, தொடர் மாற்றங்கள். ஒரே மெட்டு, அடுத்தடுத்த வேறு வேறு உடைகளில். இதில் பிரெஞ்சுக்காரர்களின் பங்கு தனியானது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் மேசையில்

நான் எழுதும் துண்டு நான்காவது வழியையும் முதல் வழியையும் கலந்தது. வலது கையில் ஒரு குரல், இடது கையில் அடிக்குரல், நடுவில் மெட்டு. மெட்டைப் பெடலுக்குக் கொடுத்து 8 அடி டிரம்பெட் ஸ்டாப்பில் ஒலிக்கச் செய்திருக்கிறேன். 

கணக்கு எளிது. ஒவ்வொரு சுரத்துக்கும் 2 எண்ணிக்கை. 4 எண்ணிக்கை ஒரு பார். அடிக்கு 8 சுரம் என்றால் 4 பார். 4 அடிகளுக்கு 16. தொடக்கத்தில் 2, அடிகளுக்கு நடுவே மூன்று இடைவெளிகளுக்கு 6, கடைசியில் 1. மொத்தம் 25.

வலது கைக்கு ஒரு சிறு கோவை வேண்டும். மெட்டின் முதல் நான்கு சுரங்களையே, ஸ நி த நி, நான்கு மடங்கு வேகமாக எடுத்துக்கொண்டேன். இதனால் மெட்டு பெடலில் நுழையும்போது கேட்பவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்கும். அந்தக் காலத்து ஜெர்மன் நூல்களில் இப்படிப்பட்ட சிறு கோவைகளுக்குப் பெயர்களே உண்டு. நொடிநேர மௌனத்துக்குப் பின் மூன்று விரைவுச் சுரங்கள் வந்தால் அது 'சுஸ்பிரான்ஸ்': பெருமூச்சு விடுவது. நம் இலக்கணத்தில் அணிகளுக்குப் பெயர் வைத்ததைப் போன்ற ஓர் ஒழுங்கு.

பிறகு வருவது கவுன்டர்பாயிண்ட் என்னும் ஒழுக்கம். தனித்தனியாகப் பாடினாலும் அழகாக இருக்கும் குரல்களை ஒன்றாக ஒலிக்கச் செய்வது. விதிகள் பல. இரண்டை மட்டும் சொல்கிறேன். இரண்டு குரல்கள் ஸ–ப இடைவெளியிலோ ஸ்தாயி இடைவெளியிலோ இருந்தால், அதே இடைவெளியோடு சேர்ந்தே அடுத்த சுரத்துக்கு நகரக்கூடாது. நகர்ந்தால் இரண்டும் ஒன்றாகக் கரைந்து, ஒரு குரல் காணாமல் போகும். அடுத்தது, உரசல் பற்றிய விதி. வலுவான தாளத்தில் இரண்டு குரல்கள் உரசலாம்; உரசும் சுரம் அதற்கு முன்பே இணக்கமாக ஒலித்து, பிடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும்; உரசிய பின் ஒரு படி கீழே இறங்கித் தீர வேண்டும். வெண்பாவில் தளை தட்டாமல் எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் விலங்கு போலத் தெரியும். பழகிய பின் அடுத்த சொல்லை அதுவே கொண்டுவந்து தரும்.

எழுதியதைக் கேட்க இன்று தேவாலயத்துச் சாவி தேவையில்லை. மியூஸ்ஸ்கோரில் எழுதி, உண்மையான ஆர்கன் ஒன்றின் ஒவ்வொரு குழாயையும் ஒலிப்பதிவு செய்து வைத்த தொகுதியை கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருளில் ஏற்றிக் கேட்கலாம். துருத்தி மிதிக்க ஆள் வேண்டாம்!

பாதி முடிந்திருந்தபோது, சிறு வயதிலிருந்தே இந்தப் பாட்டைப் பாடி வளர்ந்த ஒரு ஜெர்மானிய முதியவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இசை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெடல் இரண்டாம் அடியைத் தொடங்கியபோது கூடவே முணுமுணுத்தார். என்னைப் பொறுத்தவரை மூன்று குளிர்காலங்களில் கிடைத்த நல்ல விமர்சனம் அதுதான்.

1747: அதே மெட்டு, அதே சொல்

ஆர்ன்ஸ்டட் விசாரணைக்கு 41 ஆண்டுகள் கழித்து, 1747 ஜூனில், லைப்சிக்கில் லோரென்ஸ் மிட்ஸ்லர் நடத்திய இசை அறிஞர் கழகத்தில் பாக் 14ஆவது உறுப்பினராகச் சேர்ந்தார். டெலிமானும் ஹாண்டெலும் அதில் இருந்தார்கள். சேர்பவர் தன் புலமைக்குச் சான்று தர வேண்டும். பாக் கொடுத்தவற்றில் ஒன்று, 'ஃபோம் ஹிம்மல் ஹோக் என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் மீது சில கேனன் மாற்றங்கள்' (பட்டியல் எண் 769). 20 வயதில் எதற்காகக் கண்டிக்கப்பட்டாரோ அந்த 'மாற்றங்கள்' இப்போது அவருடைய நுழைவுச் சீட்டு.

கேனன் என்றால் ஒரு குரல் பாடுவதை இன்னொரு குரல் சற்றுத் தாமதித்து அப்படியே பாடுவது. பாக் எழுதியவை ஐந்து. முதல் மாற்றத்தில் பின்தொடரும் குரல் ஒரு ஸ்தாயி தள்ளி வரும். இரண்டாவதில் ஐந்து சுரம் தள்ளி. மூன்றாவதில் ஏழு. நான்காவதில் பின்தொடரும் குரல் பாதி வேகத்தில் வரும். ஐந்தாவதில் மெட்டே கேனனாகிறது. பின்தொடரும் குரல் தலைகீழாக வருகிறது. ஏறுவது இறங்கும், இறங்குவது ஏறும். ஸ நி த நி ப த நி ஸ என்பதைத் தலைகீழாக்கினால் ஸ ரி க ரி ம க ரி ஸ. எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் வடிவம் இதுதான். பாடிப் பாருங்கள், விண்ணிலிருந்து இறங்கிய மெட்டு மண்ணிலிருந்து ஏறுகிறது.

இதை எழுதும் முறையைப் பொறியாளன் கண்ணால் பார்த்தால், கட்டுப்பாடுகளுக்குள் தேடும் கணக்கு. முன்செல்லும் குரலின் முதல் பாரை எழுதியவுடன், பின்தொடரும் குரலின் இரண்டாம் பார் தானாக உறுதியாகிவிடுகிறது. இப்போது முன்செல்லும் குரலின் இரண்டாம் பார் அதற்கும் பொருந்த வேண்டும், நிலைமெட்டுக்கும் பொருந்த வேண்டும். இப்படி ஒவ்வொரு பாராகக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். பாதி வேகக் கேனனில் சிக்கல் இரட்டிப்பு. ஒரு குரல் ஓட ஓட, மற்றது மேலும் மேலும் பின்தங்கும்.

அச்சிட்ட பிரதியில் முதல் மூன்று மாற்றங்களில் பின்தொடரும் குரலை பாக் முழுதாக எழுதவில்லை. எங்கே நுழைகிறது என்று மட்டும் காட்டி, மீதியை வாசிப்பவரே கண்டுபிடிக்க விட்டார். விடுகதைப் பாட்டில் பிறந்த ஒரு பாட்டு, 200 ஆண்டுகள் கழித்து மீண்டும் விடுகதையானது. 1956இல் ஸ்ட்ராவின்ஸ்கி இப்படைப்பைப் பாடகர் குழுவுக்கும் வாத்தியக் குழுவுக்கும் மாற்றி எழுதினார்.

இவ்வளவு கடினமான படைப்பில் நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது வேறொன்றை. முதல் நான்கு மாற்றங்களிலும் மெட்டு அணியில்லாமல், வளையாமல், நீண்ட சுரங்களில் நிற்கிறது. முதல் மாற்றத்தில் கைகள் இரண்டும் கேனனில் பின்னிக்கொண்டிருக்க, கால்கள் லூத்தரின் மெட்டை எளிமையாக நடக்கின்றன. கேனன் என்ற சொல்லே தெரியாத ஆர்ன்ஸ்டட் தையற்காரர் உட்கார்ந்து கேட்டாலும் கூடவே பாடலாம். அறிஞர்களுக்கான விடுகதையும் மக்களுக்கான பாட்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. 1706ஆம் ஆண்டின் கேள்விக்கு பாக் தந்த விடையாகவே இதை வாசிக்கிறேன்.

பாரிஸில் வேறு கதை

பிரான்சில் கிறிஸ்துமஸ் நாட்டுப்பாட்டுகளுக்கு நொவெல் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அங்குள்ள ஆர்கன் இசைஞர்கள் இவற்றின் மீது மாற்றங்களை எழுதி அச்சிட்டார்கள். லபேக், தாந்திரியூ, தாக்கென், பால்பாஸ்த்ர் ஆகியோர் முக்கியமானவர்கள். தாக்கெனின் நொவெல் நூலில் 12 படைப்புகள் உள்ளன. இன்றும் டிசம்பரில் அதிகமாக வாசிக்கப்படுபவை.

இங்கே கேனன் புதிர்கள் கிடையாது. முதலில் மெட்டு நேராக வரும். பிறகு சுரங்கள் இரட்டிப்பாகும், மும்மடங்காகும். ஒரு பலகையில் ஓங்கி ஒலித்தது இன்னொன்றில் எதிரொலியாகத் தேயும். கடைசியில் எல்லா நாக்குக்குழாய்களும் சேர்ந்து முழங்கும். மக்கள் இதைக் கேட்கக் கூட்டமாக வந்தார்கள். சேன்-ரோஷ் தேவாலயத்தில் பால்பாஸ்த்ர் வாசிப்பைக் கேட்க அளவுக்கு மீறிய கூட்டம் திரண்டதால், 1762இல் பாரிஸ் பேராயர் அவர் நள்ளிரவுத் திருப்பலியில் வாசிக்கத் தடை விதித்தார். ஆர்ன்ஸ்டட்டில் மெட்டு புரியவில்லை என்று கண்டனம். பாரிஸில் மெட்டு மிக நன்றாகப் புரிந்துவிட்டது என்று தடை.

கணினியும் கோராலும்

என் துறைக்காரர்கள் இந்த இசையை விட்டுவைக்கவில்லை. லூத்தரன் சபைப்பாட்டான கோராலுக்கு நான்கு குரல் இசைவு எழுதுவது கணினிக்குத் தரப்படும் பழைய தேர்வுகளில் ஒன்று. 1980களில் கெமால் எப்ஜியோலு சுமார் 350 விதிகளைக் கொண்டு 'கோரல்' என்ற நிரலை எழுதினார். 2016இல் பாரிஸிலுள்ள சோனி ஆய்வுக்கூடத்திலிருந்து 'டீப்பாக்' வந்தது. 2019 மார்ச் 21 அன்று கூகுள் தன் முகப்பில் ஒரு விளையாட்டை வைத்தது. யார் வேண்டுமானாலும் இரண்டு பார் மெட்டு போடலாம். பாக்கின் 306 கோரால்களில் பயிற்சி பெற்ற நிரல் மற்ற மூன்று குரல்களை நிரப்பும்.

இவை வியப்பானவை. ஆனால் இவற்றின் பாடநூல் எது என்று பார்க்க வேண்டும். பாக்கின் கோரால்களை அவர் மகன் எமானுவேலின் பதிப்பாக 1784 முதல் 1787 வரை 371 எண்ணிட்டு வெளியிட்டபோது, பாட்டின் சொற்களை விட்டுவிட்டு இசையை மட்டும் அச்சிட்டார்கள். மாணவர்கள் இசைவு கற்பதற்கு அது போதும் என்பது கணக்கு. இந்த மரபில் வளர்ந்த நிரல்களும் சொல்லற்ற சுரங்களையே படிக்கின்றன.

பாக்கின் பயிற்சி வேறு. ஹாலே நகரில் ஒரு பதவிக்காக 1746இல் விண்ணப்பித்த அவருடைய முன்னாள் மாணவர் யோஹான் கோட்ஹில்ஃப் ட்சீக்லர், கோராலை வெறுமனே வாசிக்காமல் சொற்களின் உணர்வுக்கேற்ப வாசிக்கும்படி பாக் தனக்குக் கற்பித்தார் என்று எழுதினார். அந்த வரியை அறிந்த பிறகுதான் நான் லூத்தரின் 15 பத்திகளையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். தேவதூதனின் அறிவிப்பாகத் தொடங்கும் பாட்டு, நடுவில் தொழுவத்துக்குப் போகிறது. பிறகு பாடுபவர் தன் நெஞ்சையே தொட்டிலாக்கிக் குழந்தையிடம் பேசுகிறார். என் துண்டின் மூன்றாம் அடிக்கு முன்னுள்ள இடைவெளியில் வலது கையின் ஓட்டத்தை நிறுத்தி இரண்டு பாரும் நீண்ட சுரங்களாக்கியதற்குக் காரணம் அந்தப் பத்திகள்தான். விதி எதுவும் அதைக் கேட்கவில்லை.

தரங்கம்பாடி

1706ஆம் ஆண்டுக்குத் தமிழோடும் ஒரு தொடர்பு உண்டு. பாக் ஆர்ன்ஸ்டட்டில் விசாரிக்கப்பட்ட அதே ஆண்டு ஜூலை 9 அன்று, ட்சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். நம்மவர் வழக்கில் சீகன்பால்க். ஹாலே நகரின் ஆதரவோடு நடந்த அந்த மிஷன் வழியாக லூத்தரன் கோரால்கள் தமிழில் பெயர்க்கப்பட்டன. ஜெர்மன் மெட்டுகளில் அமைந்த இப்பாட்டுகளைத் தமிழ் லூத்தரன் சபைகள் ஞானப்பாட்டு என்ற பெயரில் இன்றும் பாடுகின்றன. ஐரோப்பாவின் கோரால் ஒரு நூற்றாண்டுக்குப் பின் தஞ்சையில் வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகளோடு ஒரே கூரையின் கீழ் ஒலிக்க வேண்டியிருந்தது. கோராலில் குறிலும் நெடிலும் ஒரே அளவு நேரம் நிற்கும். தமிழ்ச் செவிக்கு அது உறுத்தும். ஆனாலும் தலைமுறைகள் பாடியதால் அந்த மெட்டுகள் அந்தச் சபைகளுக்குச் சொந்தமாகிவிட்டன. மெட்டு யாருடையது என்பதை அது பிறந்த இடத்தைவிட, அதை மனப்பாடமாக வைத்திருப்பவர்களே முடிவு செய்கிறார்கள்.

கேட்க விரும்புவோருக்கு

இந்த இசைக்குப் புதியவர்கள் கடைசிப் படைப்பிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் பாட்டைக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை கூடப் பாடுங்கள். அடுத்து, 1734 கிறிஸ்துமஸில் தொடங்கி வாசிக்கப்பட்ட பாக்கின் கிறிஸ்துமஸ் ஒரடோரியோவின் முதல் இரண்டு பகுதிகள். இம்மெட்டு அவற்றில் மூன்று முறை, மூன்று உடைகளில் வரும். பிறகு 606 எண்ணுள்ள சிறு ஆர்கன் படைப்பு. அதன் பின் கேனன் மாற்றங்கள். அவற்றைக் கேட்கும்போது கேனனைத் தேடாதீர்கள். மெட்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை கேட்ட பின் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே வெளியே வரும்.